இந்தத் தாளுக்கு யார் பொறுப்பு? – அமெரிக்கத் தேசிய வங்கிகளின் வரலாறு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது எப்படி நடக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் ஒரு தொகையை வங்கியில் போடுகிறார். முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுதோறும் ஓர் உரை நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறார். அவர் காலம் முடிகிறது. உரை நடந்துகொண்டே இருக்கிறது. தாம் காணப்போகாத ஆண்டுகளை அவர் ஒரு வங்கியின் பொறுப்பில் விட்டுச் சென்றிருக்கிறார். அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் 34 ஆண்டுகள் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவன். தொடக்கத்தில் ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தேன். அங்கே ஒரு மூதாட்டி ஆண்டுக்கு ஒருமுறை தம் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. ரசீதை வாங்கியதும், “தம்பி, இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரு?” என்று கேட்பார். மேலாளர் என்று சொன்னால் போதாது. அவர் அறை வாசல்வரை போய், முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ரசீதைச் சுருக்குப்பையில் வைப்பார். வயதானவர்களின் வழக்கம் என்று அன்று நினைத்தேன். பின்னாளில் அமெரிக்க வங்கிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஒரு பெரிய நாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி அலைந்த கேள்வியைத்தான் அவர் கேட்டார் என்று புரிந்தது. ஒரு தாளை நீட்டி, இது பணம் என்கிறார்கள். அந்தத் தாளுக்கு யார் பொறுப்பு?

ஊருக்கு ஒரு நோட்டு

அமெரிக்கா விடுதலை பெற்ற தொடக்கக் காலத்திலேயே மைய வங்கி ஒன்றை அமைத்துப் பார்த்தது. முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் முயற்சியால் 1791-இல் 1 கோடி டாலர் மூலதனத்தில் முதலாம் அமெரிக்க வங்கி பிலடெல்பியாவில் தொடங்கியது. அதற்கு 20 ஆண்டுகளுக்கே பட்டயம் வழங்கப்பட்டிருந்தது. 1811-இல் அதைப் புதுப்பிக்கும் மசோதா செனட்டில் 17-க்கு 17 என்று நின்றது. துணைக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் எதிர்த்து வாக்களித்து அதை முடித்துவைத்தார். 1816-இல் இரண்டாம் அமெரிக்க வங்கி வந்தது. அதைப் பணக்காரர்களின் கோட்டை என்று கருதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், 1832 ஜூலையில் தம் தடையதிகாரத்தால் அதன் நீட்டிப்பை நிறுத்தினார். 1836-இல் அதன் தேசியப் பட்டயம் முடிந்தது.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் நாட்டுக்குப் பொதுவான காகிதப் பணமே இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒவ்வொரு வங்கியும் தன் பெயரில் நோட்டு அடித்தது. 1860 வாக்கில் ஏறத்தாழ 1,600 வங்கிகள், ஆயிரக்கணக்கான வகை நோட்டுகள். ஓர் ஊர் நோட்டை அடுத்த மாநிலத்தில் நீட்டினால் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். ஊர் தொலைவாக ஆக, வட்டமும் கூடும்.

மிச்சிகன் மாநிலத்தில் 1837-இல் வந்த சட்டம் யார் வேண்டுமானாலும் வங்கி திறக்க வழிவிட்டது. நோட்டுக்கு ஈடாகத் தங்கமும் வெள்ளியும் பெட்டகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அதிகாரிகள் போனார்கள். சில இடங்களில் பெட்டியின் மேல் அடுக்கில் காசும் அடியில் ஆணிகளும் இருந்தன. அதிகாரிகளுக்கு முன்பாகவே ஒரே காசு மூட்டை ஒரு வங்கியிலிருந்து அடுத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த வங்கிகளில் பெரும்பாலானவை மண்ணாயின. அவற்றின் நோட்டை மாற்றப் போகிறவர் காட்டுப்பூனை திரியும் காட்டுக்குள்தான் போக வேண்டும் என்ற பொருளில் இத்தகையவற்றுக்குக் காட்டுப்பூனை வங்கிகள் என்றே பெயர் விழுந்தது.

வணிகர்கள் கல்லாப்பெட்டி அருகே ஒரு சிறு இதழை வைத்திருந்தார்கள். எந்த வங்கி நோட்டு செல்லும், எதற்கு எவ்வளவு வட்டம், எந்தெந்தக் கள்ள நோட்டுகள் உலவுகின்றன என்று அது பட்டியலிடும். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை வெளியிட்டவர் நியூயார்க்கின் ஜான் தாம்சன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம். ஒரு தாளின் மதிப்பு அதை வெளியிட்டவரின் மதிப்பு என்பதை நம் முன்னோர் ஒரு சொல்லுக்குள் வைத்தார்கள். அன்றைய அமெரிக்க வணிகர் அதையே மாதந்தோறும் விலை கொடுத்துப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போர் பெற்ற பிள்ளை

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது உள்நாட்டுப் போர். லிங்கனின் நிதியமைச்சர் சால்மன் சேஸுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. போர்ச் செலவுக்கு அரசின் கடன்பத்திரங்களை யாராவது வாங்க வேண்டும். நாடு முழுதும் செல்லும் ஒரே மாதிரி நோட்டு வேண்டும். ஒரே ஏற்பாட்டில் இரண்டையும் முடித்தார். 1863 பிப்ரவரி 25-இல் தேசிய நாணயச் சட்டம் வந்தது. 1864 ஜூன் 3-இல் அது விரிவான தேசிய வங்கிச் சட்டமாயிற்று.

‘தேசிய வங்கி’ என்றதும் நம் காதுக்கு அரசுடைமை வங்கி என்று படும். அமெரிக்காவில் அப்படியன்று. அது தனியார் வங்கிதான். பட்டயம் மட்டும் மாநிலத்திடமிருந்து அல்லாமல் மைய அரசிடமிருந்து வருகிறது. ஐந்து பேர் சேர்ந்து, சிற்றூரென்றால் 50,000 டாலர் மூலதனம் போட்டு, வங்கி தொடங்கலாம். அரசுக் கடன்பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாகக் கட்டினால், அவற்றின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கியின் பெயரில் நோட்டு கிடைக்கும். நோட்டை அரசே அச்சிடச் செய்து தரும். ஊர் பெயரும் பட்டய எண்ணும் அதில் இருக்கும். வங்கியின் தலைவரும் காசாளரும் கையெழுத்திட்ட பிறகே அது பணமாகும்.

பங்குதாரர்களுக்கு ஒரு கடுமையான விதியும் இருந்தது. 100 டாலர் பங்கு வைத்திருப்பவர், வங்கி நொடித்தால் அந்த 100 டாலரை இழப்பதோடு, மேலும் 100 டாலர் வரை சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். இதற்கு இரட்டைப் பொறுப்பு என்று பெயர். வசூல் எப்போதும் முழுமையாக நடந்ததில்லை. ஆனாலும் அந்த விதியின் உள்ளே இருந்த அறம் தெளிவானது: ஊரார் பணத்தை வைத்துத் தொழில் செய்பவர், ஊரார் இழக்கும்போது தாமும் இழக்க வேண்டும்.

இவற்றைக் கண்காணிக்க நாணயக் கட்டுப்பாட்டாளர் என்ற பதவி உருவானது. முதலில் அதில் அமர்ந்தவர் ஹியூ மெக்கல்லக். இந்தியானா மாநில வங்கியின் தலைவராக இருந்து, இந்தச் சட்டம் வேண்டாம் என்று வாஷிங்டனுக்கே போய் வாதாடியவர் அவர். எதிர்த்தவரையே சேஸ் பொறுப்பில் அமர்த்தினார். மெக்கல்லக்கும் அதைச் செவ்வனே நடத்திக் காட்டினார்.

முதல் எண் பட்டயத்தைப் பெற்றது பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி; ஆண்டு 1863. மாநில வங்கிகள் மாறத் தயங்கியபோது, அவற்றின் நோட்டுகள்மீது 10 விழுக்காடு வரி விதிக்கும் சட்டம் 1865-இல் வந்தது. நோட்டு அடிப்பதில் இனி லாபமில்லை. 1866-க்குள் 1,600-க்கு மேற்பட்ட தேசிய வங்கிகள் இயங்கின. மாநில வங்கிகள் சாகவில்லை. நோட்டை விட்டுவிட்டுக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தன.

நோட்டுப் பட்டியல் வெளியிட்ட ஜான் தாம்சனுக்கு இனி அந்தத் தொழிலில் என்ன வேலை? அவர் 1863-இலேயே நியூயார்க்கில் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியைத் தொடங்கினார். 1877-இல் இன்னொன்றையும் தொடங்கி, மறைந்த அமைச்சரின் நினைவாக அதற்குச் சேஸ் நேஷனல் வங்கி என்று பெயர் வைத்தார். முதலாவது இன்று சிட்டி வங்கிக்குள் இருக்கிறது, இரண்டாவது ஜே.பி. மார்கன் சேஸுக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வங்கிகளின் நாணயத்தை எடைபோட்டுச் சொன்ன ஒருவர் விதைத்த இரண்டு வித்துகள், இன்று அந்நாட்டின் மிகப் பெரிய வங்கிகளில் இரண்டாக நிற்கின்றன.

நோட்டுக்குக் காவல், வைப்புக்கு இல்லை

1865-இலேயே முதல் தேசிய வங்கி நொடித்தது. நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா என்ற சிற்றூரில் இருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி அது. அதன் நோட்டை வைத்திருந்தவர் ஒரு காசும் இழக்கவில்லை. கருவூலத்தில் ஈடாகக் கட்டிய பத்திரங்கள் இருந்தன. அதே வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தவருக்கோ அப்படி ஒரு காவல் இல்லை. சட்டம் தாளைக் காத்தது, கணக்கைக் காக்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

அமைப்பில் இன்னொரு விரிசலும் இருந்தது. ஊர் வங்கி தன் காப்பிருப்பில் ஒரு பகுதியை நகர வங்கியில் வைக்கலாம். நகர வங்கி தன்னுடையதில் ஒரு பகுதியை நியூயார்க்கில் வைக்கலாம். நியூயார்க் வங்கிகள் அந்தப் பணத்துக்கு வட்டி கொடுத்தன. வட்டி கொடுக்க வேண்டுமென்றால் பணம் சும்மா கிடக்கக் கூடாது. பங்குச் சந்தைத் தரகர்களுக்குக் கடனாகப் போனது. இலையுதிர் காலத்தில் கோதுமையும் பருத்தியும் சந்தைக்கு வரும். கூலி கொடுக்கவும் விளைச்சலை வாங்கவும் ஊர் வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கும். நியூயார்க்கில் கடனை இழுப்பார்கள், பங்குகள் சரியும். கான்சஸ் வயலில் அரிவாள் எடுத்தால் வால் தெருவில் கை நடுங்கும் என்ற நிலை.

1873 செப்டம்பர் 18-இல் ஜே குக் நிறுவனம் கதவை மூடியது. உள்நாட்டுப் போரில் அரசின் கடன்பத்திரங்களை வீடு வீடாக விற்றுக் கொடுத்தவர் ஜே குக். நார்தர்ன் பசிபிக் ரயில்பாதையில் பணத்தைப் புதைத்துவிட்டார். பங்குச் சந்தையையே 10 நாள் மூட வேண்டியதாயிற்று. 1893-இல் மீண்டும் ஒரு பெரும் பீதி. 1907 அக்டோபர் 22-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் 80 லட்சம் டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. அது தேசிய வங்கியன்று, விதிகள் தளர்ந்த வேறொரு வகை நிறுவனம். ஆனால் பீதி பட்டயம் பார்த்துப் பரவுவதில்லை. அப்போது 70 வயதான வங்கியாளர் ஜே.பி. மார்கன் நிதி நிறுவனத் தலைவர்களைத் தம் நூலகத்துக்குள் வைத்துப் பூட்டி, இரவெல்லாம் பேசி, பணம் திரட்டச் சம்மதிக்க வைத்தார். ஒரு நாட்டின் பணம் ஒரு முதியவரின் உடல்நலத்தை நம்பி இருப்பதா என்ற அச்சத்திலிருந்துதான் 1913 டிசம்பர் 23-இன் ஃபெடரல் ரிசர்வ் சட்டம் பிறந்தது. தேசிய வங்கிகள் அனைத்தும் ஃபெடரல் ரிசர்வ் என்ற மைய வங்கி அமைப்பில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

ஒரு வங்கி, ஒரு கட்டடம்

அமெரிக்கர்களுக்குப் பெரிய வங்கி என்றாலே அச்சம். அன்று பல மாநிலங்களில் ஒரு வங்கிக்கு ஒரே கட்டடம்தான். கிளை திறக்கத் தடை. உள்ளூர்ப் பணம் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். 1900-இல் வந்த சட்டம் சிற்றூரில் 25,000 டாலர் இருந்தாலே தேசிய வங்கி தொடங்கலாம் என்றது. 1921-இல் நாட்டில் ஏறத்தாழ 30,000 வங்கிகள் இருந்தன.

முதல் உலகப் போர் முடிந்ததும் விளைபொருள் விலை விழுந்தது. கோதுமை விளையும் ஊரில் வங்கியின் கடன் முழுதும் கோதுமை விவசாயிகளிடம். பருத்தி ஊரில் எல்லாம் பருத்தியில். விலை விழுந்தால் விவசாயி விழுவார். அவரோடு வங்கியும் விழும். அதில் போட்டிருந்த பள்ளி ஆசிரியரின் பணமும் விழும். பங்குச் சந்தை சரியும் முன்பே, செழிப்பான காலம் என்று பேசப்பட்ட 1920-களில், 5,000-க்கு மேற்பட்ட வங்கிகள் நொடித்தன. பெரும்பாலும் பெயர் தெரியாத சிற்றூர்களில். அவற்றுக்காக யாரும் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு விடிய விடியப் பேசவில்லை.

1930 டிசம்பர் 11-இல் நியூயார்க்கில் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் மூடப்பட்டது. பெயரைக் கேட்டால் அரசின் வங்கி போலத் தோன்றும். உண்மையில் மாநிலப் பட்டயம் பெற்ற சாதாரண வங்கி. அதில் கணக்கு வைத்திருந்த சுமார் 4 லட்சம் பேரில் ஏராளமானோர் தையல் தொழிலை நம்பி வாழ்ந்த யூதக் குடியேறிகள். அந்தப் பெயர் தந்த நம்பிக்கைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

1933 பிப்ரவரி 14-இல் மிச்சிகன் ஆளுநர் மாநிலத்தின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்தார். டெட்ராய்ட்டின் இரண்டு பெரிய தேசிய வங்கிகளான ஃபர்ஸ்ட் நேஷனலும் கார்டியன் நேஷனலும் மறுபடி திறக்கவே இல்லை. பீதி மாநிலம் மாநிலமாகப் பரவியது. மார்ச் 6-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடினார். 12-ஆம் தேதி வானொலியில் பேசினார். 13-ஆம் தேதி முதல், பரிசோதித்துத் தேறிய வங்கிகள் படிப்படியாகத் திறந்தன. மக்கள் எடுத்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். 1930 முதல் 1933 வரை நொடித்தவை ஏறத்தாழ 9,000. அதே ஆண்டுகளில் அண்டை நாடான கனடாவில் ஒரு வங்கிகூட நொடிக்கவில்லை. அங்கே சில பெரிய வங்கிகள் நாடெங்கும் கிளை விரித்திருந்தன. ஓர் ஊரின் விளைச்சல் பொய்த்தால் மற்றோர் ஊர் தாங்கியது. சிறியது அருகில் இருந்தது, ஆனால் தாங்கவில்லை. பெரியது தாங்கியது, ஆனால் தொலைவில் இருந்தது. இந்த முரண்பாட்டுக்கு எளிய தீர்வு எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

விதவையின் காசோலை

1933 ஜூன் 16-இல் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் என்று அழைக்கப்படும் வங்கிச் சட்டம் நிறைவேறியது. அதில்தான் வைப்புக் காப்பீடு வந்தது. அலபாமாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஸ்டீகல் அதற்காகப் பிடிவாதமாக நின்றார். ரூஸ்வெல்ட்டுக்கே தயக்கம், வங்கியாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. நல்ல வங்கி கட்டும் தொகையில் கெட்ட வங்கி பிழைக்கும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்த வாதம் பொய்யன்று. அதற்கு முன் எட்டு மாநிலங்கள் இதுபோன்ற திட்டங்களை நடத்தித் தோற்றிருந்தன. ஆனால் தெருவில் நின்ற மக்களின் குரல் அந்த வாதத்தைவிடப் பெரிதாக இருந்தது.

1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரை காப்பு. அதே ஆண்டு ஜூலையில் 5,000 ஆயிற்று. அந்த ஜூலையில் இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் பியோரியாவில் நொடித்திருந்த ஒரு சிறு வங்கியின் வைப்பாளரான ஒரு விதவைக்கு முதல் காப்பீட்டுக் காசோலை கிடைத்தது. அந்தக் காசோலையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அட்டிகா வங்கி நொடித்தபோது கைவிடப்பட்டவர்களுக்கு 69 ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது. 1934 முழுவதிலும் காப்பீடு பெற்ற வங்கிகளில் நொடித்தவை ஒன்பதே.

அதே காலத்தில் இரண்டு பழைய ஏற்பாடுகள் விடைபெற்றன. 1935-இல் தேசிய வங்கிகள் நோட்டு வெளியிடுவது நின்றது. ஊர் பெயரும் காசாளர் கையெழுத்தும் தாங்கிய தாள் மறைந்தது. 1933, 1935 சட்டங்களால் பங்குதாரர்களின் இரட்டைப் பொறுப்பும் ஓய்ந்தது. காப்பீடு இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டார்கள். வைப்பாளருக்குக் காவல் வந்தது பெரும் நன்மை. ஆனால் அந்தக் காவலின் சுமை உரிமையாளரின் தோளிலிருந்து பொது நிதிக்கு மாறியது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

முதல் எண்ணின் பயணம்

இனி இணைப்புகளின் கதை. முதல் எண் பட்டயத்தின் பின்னால் நடந்தால் இந்தக் கதை முழுதும் தெரியும்.

1955-இல் பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி பென்சில்வேனியா கம்பெனியோடு சேர்ந்து ஃபர்ஸ்ட் பென்சில்வேனியா ஆனது. பென்சில்வேனியா கம்பெனிக்குள் ஏற்கெனவே, 1782-இல் தொடங்கிய, நாட்டின் முதல் வங்கியான பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா கரைந்திருந்தது. முதல் வங்கியும் முதல் தேசிய வங்கியும் ஒரே ஆற்றில் கலந்தன.

அதே நகரின் பிலடெல்பியா நேஷனல் வங்கியும் ஜிரார்டு வங்கியும் இணைய விரும்பியபோது, 1963-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இணைந்தால் அந்த வட்டாரச் சந்தையில் 30 விழுக்காடாவது ஒரே கைக்குப் போய்விடும். போட்டி அழியும் என்றது. வங்கி இணைப்புகளுக்கும் போட்டிச் சட்டம் பொருந்தும் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது.

1980-இல் ஃபர்ஸ்ட் பென்சில்வேனியா தள்ளாடியது. நீண்ட கால அரசுக் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. வட்டி விகிதம் ஏறியதும் அவற்றின் மதிப்பு இறங்கியது. வைப்புக் காப்பீட்டுக் கழகம் 32.5 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கி விட்டது. 1990-இல் பிலடெல்பியா நேஷனலின் தாய் நிறுவனமான கோர்ஸ்டேட்ஸ் அதை வாங்கியது. 1963-இல் அனுமதி மறுக்கப்பட்டதைவிடப் பெரிய இணைப்பு, 27 ஆண்டுகளில் ஓசையின்றி நடந்து முடிந்தது.

1994-இன் ரீகல்–நீல் சட்டம் மாநில எல்லைகளைத் தாண்டிக் கிளை திறக்க வழிவிட்டது. அதன்பின் இணைப்புகள் அலையலையாக வந்தன. 1998 ஏப்ரல் 13 அன்று ஒரே நாளில் இரண்டு பெரும் இணைப்புகள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டிலேயே வட கரோலினாவின் ஃபர்ஸ்ட் யூனியன், கோர்ஸ்டேட்ஸை வாங்கியது. 2001-இல் ஃபர்ஸ்ட் யூனியன் வாக்கோவியாவை வாங்கி, வாக்கோவியா என்ற பெயரைச் சூடிக்கொண்டது. 2006-இல் கலிபோர்னியாவின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கிய வாக்கோவியா, இரண்டே ஆண்டில் அந்தக் கடன்களிலேயே மூழ்கியது. 2008 அக்டோபரில் வெல்ஸ் ஃபார்கோ அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. இன்று பட்டய எண் 1 வெல்ஸ் ஃபார்கோவிடம் இருக்கிறது.

இந்தப் பயணத்தில் ஒரு வழக்கத்தைக் கவனியுங்கள். 1996-இல் கெமிக்கல் வங்கி சேஸ் மன்ஹாட்டனை வாங்கி, சேஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1998-இல் நார்வெஸ்ட் வெல்ஸ் ஃபார்கோவை வாங்கி, வெல்ஸ் ஃபார்கோ ஆனது. அதே ஆண்டு நேஷன்ஸ்பேங்க், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் பெயரை எடுத்துக்கொண்டது. விழுங்கியவர் விழுங்கப்பட்டவரின் பெயரில் வாழ்கிறார். ஏன்? வங்கியில் விலைமதிப்புள்ள சரக்கு மக்களின் நம்பிக்கை. அது பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேங்க் ஆஃப் அமெரிக்கா என்ற பெயருக்குப் பின்னால் 1906-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ இருக்கிறது. நிலநடுக்கத்தில் நகரமே எரிந்தபோது, அமதேயோ ஜியானினி தம் வங்கிப் பணத்தை ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு அடியில் மறைத்து வண்டியில் காப்பாற்றி, சில நாளில் துறைமுகத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, வீடிழந்தவர்களுக்குக் கடன் கொடுத்தார். அப்படிச் சேர்ந்த நம்பிக்கை விலைக்குப் போனது.

பெரியவருக்கு ஒரு நீதி

1982 ஜூலை 5-இல் ஓக்லஹோமா நகரின் ஒரு வணிக வளாகத்தில் இருந்த பென் ஸ்கொயர் தேசிய வங்கி நொடித்தது. எண்ணெய்க் கிணறுகளுக்குக் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்து, அந்தக் கடன்களைப் பெரிய வங்கிகளுக்குப் பங்குபோட்டு விற்றிருந்தது. அதில் காப்பீட்டு வரம்பான 1 லட்சம் டாலருக்கு மேல் போட்டிருந்தவர்கள் இழந்தார்கள். அந்தக் கடன்களில் சுமார் 100 கோடி டாலர் அளவுக்கு வாங்கியிருந்தது சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய் தேசிய வங்கி. அது நாட்டின் ஏழாவது பெரிய வங்கி. 1984 மே மாதத்தில் வதந்தி கிளம்பியது. வாசலில் கூட்டமில்லை; வெளிநாட்டு நிறுவனங்கள் கணினி வழியே பணத்தை உருவின. அரசு அந்த வங்கியின் எல்லா வைப்புகளுக்கும் வரம்பின்றி உறுதி கொடுத்தது. பெரிய 11 வங்கிகளை விழ விட மாட்டோம் என்பது நாணயக் கட்டுப்பாட்டாளரின் சாட்சியத்திலிருந்து நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது.

ஒரே நோய், ஒரே கடன். வணிக வளாகத்து வங்கியில் போட்டவர் இழந்தார். சிகாகோவில் போட்டவர் முழுதும் பெற்றார். தராசு ஒரு பக்கம் சாய்ந்த அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

இதனால் சிறியதெல்லாம் தூயது என்று சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் கீஸ்டோன், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் கணக்கேட்டில் 100 கோடி டாலருக்கு மேல் சொத்து இருந்தது. 1999-இல் ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கியபோது, இருப்பதாக எழுதிய கடன்களில் 50 கோடி டாலருக்கு மேற்பட்டவை இல்லவே இல்லை. வங்கி ஆவணங்களைப் பண்ணை நிலத்தில் குழிவெட்டிப் புதைத்திருந்தார்கள். ஊராருக்கு அந்த முகங்கள் தெரிந்தே இருந்தன. முகம் தெரிவது மட்டும் போதாது. அந்த முகம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

2023 மார்ச் 9-இல் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. அது மாநிலப் பட்டயம் பெற்ற வங்கி. காரணம் என்ன தெரியுமா? நீண்ட காலக் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. வட்டி ஏறியதும் அவற்றின் மதிப்பு இறங்கியது. 43 ஆண்டுகளுக்கு முன் பிலடெல்பியாவில் படித்த அதே பாடம். பாடம் புத்தகத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் புரட்டவில்லை.

முதல் எண் பட்டயத்தின் கதையில் கடைசியாக ஒன்று. 2016 செப்டம்பரில் வெல்ஸ் ஃபார்கோ மீது 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கக் கூடும் என்று கண்டறிந்தார்கள். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 35 லட்சமாக உயர்ந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு 8 சேவைகள் விற்க வேண்டும் என்ற இலக்கு கிளை ஊழியர்களை அழுத்தியது. 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். வங்கி நொடிக்கவில்லை. காப்பீடு இருந்தது, மூலதனம் இருந்தது, கட்டடங்கள் இருந்தன. காசாகிய நாணயம் பத்திரமாக இருந்தது. மற்ற நாணயம்தான் போயிற்று. அதை ஈடுகட்டக் கருவூலத்தில் பத்திரம் ஏதும் இல்லை.

திறந்த கதவு

1984-இல் 14,000-க்கு மேல் இருந்த அமெரிக்க வணிக வங்கிகள் இன்று சுமார் 4,000. அந்த நாடு என் கேள்விக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விடை சொன்னது. கையெழுத்திட்ட காசாளர் பொறுப்பு என்றது. பிறகு கருவூலத்துப் பத்திரம் என்றது. பிறகு காப்பீடு என்றது. பிறகு வங்கியின் பருமனே காப்பு என்றது. ஒவ்வொரு விடையும் ஒரு பேரிழப்புக்குப் பின் வந்தது. அவற்றால் கோடிக்கணக்கான எளியவர்களின் சேமிப்பு இன்று பத்திரமாக இருக்கிறது. அதை நான் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பொறுப்பு என்பது பணத்தை ஆள்பவரிடமிருந்து ஓரடி விலகிப்போனது. காப்பீடும் கண்காணிப்பும் இருக்கட்டும், இன்னும் வலுக்கட்டும். அவற்றோடு, இழப்பு வந்தால் முடிவெடுத்தவரும் தம் கையிலிருந்து இழக்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதியின் அறமும் ஏதாவது ஒரு வடிவில் திரும்ப வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

மாணவர்களே, உங்களில் சிலர் வங்கிப் பணிக்குப் போவீர்கள். சிலர் விதிகளை எழுதும் இடத்துக்கும் போகலாம். உங்கள் கையெழுத்தை நம்பி யாரோ ஒருவர் தம் முதுமையை விட்டுச் செல்வார். இந்த உரைக்கு வழிசெய்த பெரியவர் அப்படித்தான் விட்டுச் சென்றார்.

பிற்காலத்தில் நானும் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பணியில் இருந்தவரை என் அறைக் கதவைப் பகலில் சாத்தியதில்லை. யாராவது ஒருவர் ரசீதோடு வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்க்க விரும்பலாம்.